இ.என்.8 வேகத்தில் 304-ஐ வெட்டினோம்: ஒரு ஷாஃப்ட் வேலையின் நிகழ்வு ஆய்வு

கோவை கணபதி பக்கம் நான் வேலை பார்க்கும் பட்டறையில் பம்ப் ஷாஃப்ட்தான் அன்றாட வேலை. 40 மி.மீ. விட்டத்தில் இ.என்.8 பார், அதாவது சாதாரண கார்பன் எஃகுத் தடி. இரண்டு முனையிலும் ஃபேசிங் (முகத்தைத் தட்டையாகச் சீவுவது), ஒரு முனையில் 8.5 மி.மீ. ட்ரில் போட்டு எம்10 டேப் (உள்மரை), நடுவில் பேரிங் உட்காரும் இடம், அடுத்து இம்பெல்லருக்கான படி. டர்னிங் எல்லாம் புரொகிராமில் ஓடும் சி.என்.சி. லேத்தில். ட்ரில்லும் டேப்பும் மட்டும் பக்கத்திலிருக்கும் பழைய லேத்தில். புரொகிராம் போட்டவன் நான். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 220 மீட்டர், ஃபீடு, அதாவது டூல் நகரும் தூரம், சுற்றுக்கு 0.25 மி.மீ., ரஃபிங்கில் (முதல் முரட்டு வெட்டில்) கட் ஆழம் 1.5 மி.மீ. இந்த மூன்று எண்களும் வருடக்கணக்கில் மாறவில்லை. மாற்றவேண்டிய தேவையும் வரவில்லை.

அப்புறம் ஒரு ஆர்டர் வந்தது. அதே டிராயிங், அதே டாலரன்ஸ். மெட்டீரியல் மட்டும் எஸ்.எஸ்.304, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உணவுப்பொருள் ஆலைக்குப் போகிற பம்ப் என்றார் பார்ட்டி. நாங்கள் பாரை மாற்றினோம், புரொகிராமை மாற்றவில்லை. இங்கே எழுதப்போவது எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து கிளம்பியவைதான்.

முதல் இரண்டு நாள்

இன்சர்ட் என்பது டூலில் மாட்டும் சின்ன கார்பைடு வெட்டுத்துண்டு; ஒரு கார்னர் தேய்ந்தால் அடுத்ததற்குத் திருப்பிக்கொள்ளலாம். இ.என்.8-இல் அதன் ஒரு கார்னர் ஏறக்குறைய அரை ஷிஃப்ட் தாங்கும். 304-இல் நாலாவது ஷாஃப்ட்டிலேயே சத்தம் மாறிவிட்டது. மெஷினை நிறுத்தி இன்சர்ட்டைக் கழற்றிப் பார்த்தோம். கட் ஆழம் முடிகிற இடத்தில், நுனியிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி, எலி கடித்ததுபோல ஒரு பள்ளம். நுனி நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் வெட்டிய உலோகமே துணுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது.

மெஷின் ஓட்டுகிற தம்பி எல்லோரும் செய்வதைத்தான் செய்தான். வேகத்தை 220-லிருந்து 120-க்கு இறக்கினான். பயத்தில் ஃபீடையும் 0.25-லிருந்து 0.08-க்கு இறக்கினான், ஆழத்தை 0.3-க்குக் கொண்டுவந்தான். "மெல்லமாப் போட்டா டூல் நிக்கும்ணா" என்றான். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது. மெல்ல வெட்டினால் டூலுக்கு நல்லது என்று எங்களில் பலருக்கு ஆழமான நம்பிக்கை உண்டு. இ.என்.8 போன்ற இரும்பில் அது பெரும்பாலும் பலிக்கும். 304-இல் அது நம்மையே கெடுக்கும்.

ஓரளவு டூல் நின்றது உண்மைதான். ஆனால் சிப், அதாவது சீவி வரும் உலோகச் சுருள், உடையவே இல்லை. மெல்லிய கம்பியாக, மீட்டர் கணக்கில், ஷாஃப்ட்டைப் பிடித்துச் சுழற்றும் சக் மேல் சுற்றிப் பின்னிக்கொண்டது. ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் கதவைத் திறந்து கொக்கியால் இழுத்துப்போட வேண்டியிருந்தது. கை வெட்டுப்பட எல்லா வாய்ப்பும் இருந்தது. ஃபினிஷ் மட்டும் பளபளவென்று இருந்ததால் வேலை சரியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

புகார் வந்தது ட்ரில் போடும் லேத்திலிருந்து. அங்கே இருக்கும் அண்ணன் முப்பது வருடமாக, ட்ரில்லை முன்னே தள்ளும் டெயில்ஸ்டாக் சக்கரத்தைச் சுற்றுகிறவர். மெஷின் பக்கம் அதிகம் வரமாட்டார். அன்று ஒரு ட்ரில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு வெளிமூலையும் வெந்து நீலம் பாய்ந்திருந்தன. "ஏனுங்க தம்பி, இது என்ன ஷாஃப்ட்டா பாறையா? முனை உள்ள போகவே மாட்டேங்குது. கீச்சுனு கத்திட்டு மேலயே வழுக்குது."

மேஜையில் ஐந்து ட்ரில் வெந்து கிடந்தன. அவற்றைச் சாணை பிடித்துப் பிடித்தே காலை முழுக்கப் போயிருந்தது அவருக்கு.

காந்தம்

பாரையே சந்தேகப்பட்டோம். 304 என்று சொல்லி வேறு எதையோ தள்ளிவிட்டார்களோ? பட்டறையில் இதற்கு எல்லோரும் செய்கிற சோதனை காந்தம். 304 ஆஸ்டெனைட் என்ற உள்கட்டமைப்பு கொண்ட வகை, காந்தம் ஒட்டாது. பாரின் அறுத்த முனையில் வைத்தோம்: ஒட்டவில்லை. சரி, 304-ஆகத்தான் இருக்கும். அப்படியே அந்தக் காந்தத்தை ட்ரேயில் கிடந்த சிப்புகள் பக்கம் கொண்டுபோனேன். மெல்லிய கம்பிச் சிப்புகள் லேசாகச் சிலிர்த்து எழுந்து காந்தத்தின் பக்கம் சாய்ந்தன. இரும்புச் சிப்பு பாய்ந்து ஒட்டுவதுபோல இல்லை. ஆனால் சாய்ந்தன.

ஒரே பார், ஒரே உலோகம். பாரில் ஒட்டாத காந்தம் சிப்பை இழுக்கிறது. அந்த நிமிடம்தான் விஷயம் பிடிபட்டது. 304-ஐ நசுக்கினால், வளைத்தால், தேய்த்தால், அதன் உள்கட்டமைப்பில் ஒரு பகுதி மார்ட்டென்சைட்டாக மாறும். மார்ட்டென்சைட் கெட்டியானது, காந்தத்துக்கும் இழுபடும். வெட்டும்போது எந்த உலோகமும் ஓரளவு இறுகும். 304 மிக அதிகமாக இறுகும். ஒவ்வொரு சுற்றிலும் டூல் தனக்குப் பின்னால் கெட்டிப்பட்ட மெல்லிய தோல் ஒன்றை விட்டுச்செல்கிறது. ஃபீடு போதுமான அளவு இருந்தால், அடுத்த சுற்றில் டூல் அந்தத் தோலுக்கு அடியில் போய் மென்மையான உலோகத்தை வெட்டும். ஃபீடு 0.08 என்றால் டூல் அந்தத் தோலுக்குள்ளேயேதான் ஓடுகிறது. வெட்டுவது பாதி, தேய்ப்பது பாதி. தேய்க்கத் தேய்க்கத் தோல் இன்னும் கெட்டிப்படும். முதல் நாள் இன்சர்ட்டில் பள்ளம் விழுந்ததும் இதனால்தான்: கட் ஆழம் முடிகிற அந்தக் கோட்டில்தான் இன்சர்ட், முந்தைய வெட்டு விட்டுப்போன கெட்டித் தோலை உரசிக்கொண்டே போகிறது.

அப்படியானால் ட்ரில் ஏன் வெந்தது? ஷாஃப்ட்டின் முகத்தை டார்ச் அடித்துப் பார்த்தோம். வெளிப்பக்கம் சாதாரண டூல் கோடுகள். நடுவில், சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய வட்டம் ஒன்று, கண்ணாடி மாதிரிப் பளபளத்தது.

அந்த வட்டத்துக்குக் காரணம் வெறும் கணக்கு. வெட்டு வேகம் என்பது சுற்றும் எண்ணிக்கை கிடையாது. டூலின் நுனியைத் தாண்டி உலோகம் ஓடுகிற வேகம். மி.மீ.-இல் உள்ள விட்டத்தைப் பை (3.14) என்ற எண்ணால் பெருக்கி, ஆர்.பி.எம்.-ஆல் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று வரும். 40 மி.மீ. விட்டத்தில் 120 மீட்டர் வேண்டுமானால் சுமார் 955 ஆர்.பி.எம். ஃபேசிங்கில் டூல் மையத்தை நோக்கிப் போகப்போக விட்டம் குறைகிறது. அதனால் அதே வேகத்தைத் தக்கவைக்க மெஷின் ஆர்.பி.எம்.-ஐ ஏற்றிக்கொண்டே போகிறது. ஜி96 கட்டளையின் வேலை அதுதான். ஆனால் பாதுகாப்புக்காக உச்சவரம்பை 2500-இல் கட்டியிருக்கிறோம். சக்கின் பிடி தளர்ந்துவிடக் கூடாது என்பதால் அந்த வரம்பை யாரும் எடுக்கக் கூடாது. 120 மீட்டர் வேகத்தில் அந்த வரம்பு சுமார் 15 மி.மீ. விட்டத்திலேயே வந்துவிடும். அதற்கு உள்ளே ஆர்.பி.எம். ஏறாது, வெட்டு வேகம் இறங்கிக்கொண்டே போகும். சரியாக மையத்தில் அது பூஜ்யம்.

ஆக, டூல் ஏற்கனவே மிக மெல்லிய ஃபீடில் தேய்த்துக்கொண்டு வருகிறது. கடைசி 15 மி.மீ. வட்டத்துக்குள் வேகமும் செத்துவிடுகிறது. அங்கே நடப்பது பாலிஷ்தான். பாலிஷ் போட்ட 304 என்றால் இறுகிய 304. அந்த வட்டத்தின் நடுவில்தான் அண்ணன் ட்ரில்லை வைக்கிறார். இ.என்.8-க்குப் பழகிய 1000 ஆர்.பி.எம்.-இல் வைக்கிறார். 8.5 மி.மீ. ட்ரில்லுக்கு அது நிமிடத்துக்கு 27 மீட்டர் அருகில் வரும். 304-இல் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) ட்ரில் தாங்குவது 10, 12 மீட்டர்தான்.

இரண்டு மெஷின், இரண்டு எதிரெதிரான வேகத் தவறு. சி.என்.சி.-யில் மெல்லத் தேய்த்தோம், ட்ரில் லேத்தில் வேகமாக எரித்தோம். ஒன்று இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சூடு எங்கே போகிறது

304-க்கும் இ.என்.8-க்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. என் கணக்கில் அதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வெட்டுவதற்காகச் செலவழியும் சக்தி அநேகமாக முழுவதுமே சூடாகிறது. அந்தச் சூடு போவதற்கு மூன்று வழிதான்: சிப்போடு போகலாம், ஜாப்புக்குள் (வெட்டப்படும் துண்டுக்குள்) போகலாம், டூலுக்குள் போகலாம். கூலன்ட் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகும். சாதாரண கார்பன் இரும்பு சூட்டைக் கடத்தும் திறன், மீட்டர்-கெல்வினுக்கு 50 வாட் அளவில் இருக்கிறது. 304-க்கு அது 16. டைட்டானியக் கலவையான 6-4-க்கு 7-ஐ ஒட்டி. அலுமினியத்துக்கு, எந்தக் கலவை என்பதைப் பொறுத்து, 120-லிருந்து 230 வரை.

இந்த எண்களைப் பார்த்தாலே யாருக்கு எவ்வளவு வேகம் என்பது பாதி புரிந்துவிடும். 304-இல் உண்டாகும் சூட்டை ஜாப்பும் ஏற்காது, சிப்பும் சட்டென்று தன் உடம்பு முழுக்கப் பரப்பிக்கொள்ளாது. சூடு வெட்டும் விளிம்பிலேயே நிற்கும். டைட்டானியத்தில் நிலைமை இன்னும் மோசம். அதனால்தான் கார்பைடு டூலில்கூட டைட்டானியத்தை நிமிடத்துக்கு 40, 60 மீட்டரில் ஓட்டுகிறார்கள். அலுமினியத்தை அதே கார்பைடில் பல நூறு மீட்டரில் ஓட்டலாம்.

வேகம் ஏற ஏறச் சூடு ஏறும், அது சரி. ஆனால் கூடவே சிப் இன்னும் வேகமாக வெளியேறும், சூட்டின் பெரும்பகுதியைத் தூக்கிக்கொண்டு போகும். கார்பைடில் இ.என்.8 வெட்டும்போது சிப் நீலமாக வந்தால் நாங்கள் சந்தோஷப்படுவோம். அந்தச் சூடு டூலில் தங்கவில்லை என்று அர்த்தம். எச்.எஸ்.எஸ். டூலில் அதே நீலம் வந்தால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். சுமார் 600 டிகிரிக்கு மேல் எச்.எஸ்.எஸ். தன் கெட்டித்தன்மையை இழந்துவிடும். கார்பைடு அதைத் தாண்டியும் நிற்கும். ஒரே நிறம், டூலைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது.

என்ன மாற்றினோம்

முதலில் இன்சர்ட். நாங்கள் போட்டிருந்தது இரும்புக்கான பி வகை, பெட்டியில் நீல அடையாளம். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு எம் வகை, மஞ்சள் அடையாளம். பி வகையின் விளிம்பு சற்று மழுங்கலாக, பலமாக இருக்கும். எம் வகை கூர்மையாக இருக்கும். 304-ஐத் தேய்க்காமல் வெட்ட அந்தக் கூர்மை வேண்டும்.

வேகத்தை நிமிடத்துக்கு 140 மீட்டரில் வைத்தோம். 40 மி.மீ. விட்டத்தில் 1114 ஆர்.பி.எம். ஃபீடை 0.2-க்கு ஏற்றினோம், ரஃபிங் ஆழத்தைப் பழையபடி 1.5-க்குக் கொண்டுவந்தோம். தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஃபீடை ஏத்துறீங்களாண்ணா?" ஆமாம், குறைக்க வேண்டியது வேகம் மட்டும்தான். வேகம் ஏறினால் டூலுக்குச் சூடு கடுமையாக ஏறும். ஃபீடு ஏறினால் சூடு அந்த அளவுக்கு ஏறாது, சிப் தடிக்கும், தடித்த சிப் வளைந்து உடையும். முதல் ஷாஃப்ட்டில் சிப்புகள் சின்னச் சின்ன ஒன்பது வடிவத்தில் டிரேயில் கொட்டியபோது அவன் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தான். கொக்கிக்கு அன்று வேலை இல்லை.

ஃபேசிங்கில் ஃபீடை மையம் வரைக்கும் 0.18-இல் குறைக்காமல் வைத்தோம். டூலின் உயரத்தை மையத்துக்குச் சரியாகக் கட்டினோம். கொஞ்சம் கீழே இருந்தாலும் நடுவில் ஒரு மொட்டு நிற்கும், டூல் அதை வெட்டாமல் தள்ளும். கூலன்ட் குழாய் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அதை விளிம்புக்கு நேரே திருப்பினோம்.

ட்ரில் லேத்தில் 450 ஆர்.பி.எம்.; 8.5 மி.மீ.-க்கு அது நிமிடத்துக்கு 12 மீட்டர். கோபால்ட் கலந்த எச்.எஸ்.எஸ். ட்ரில், 135 டிகிரி முனை. அண்ணனிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: உள்ளே போன பிறகு நடுவில் கை தளர்த்தக் கூடாது. சக்கரத்தை நிறுத்திவிட்டு ட்ரில்லை அங்கேயே சுழலவிட்டால் அடிப்பக்கம் இறுகிவிடும், பிறகு அதைக் கிழிக்க முடியாது. அவர் சிரித்துவிட்டுச் சொன்னார், "அதெல்லாம் கைக்குத் தெரியும் தம்பி. நீங்க மூஞ்சிய ஒழுங்கா வெட்டிக் குடுங்க, போதும்." அவர் சொன்னது முழுக்க நியாயம்.

மற்ற உலோகங்களைப் பார்த்தது

இந்த வேலை முடிந்த வாரம், சனிக்கிழமை மதியம் ஆர்டர் இல்லாத நேரத்தில், கழிவாகக் கிடந்த பார்களைப் பழைய லேத்தில் கட்டிப் பார்த்தோம். ஆராய்ச்சி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. தம்பி கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அலுமினியம்தான் அவனை அசத்தியது. 50 மி.மீ. பாரை 160 ஆர்.பி.எம்.-இல் எச்.எஸ்.எஸ். டூலால் வெட்டினோம், அதாவது நிமிடத்துக்கு 25 மீட்டர். பரப்பு சொரசொரவென்று, கிழித்த துணி மாதிரி வந்தது. டூல் நுனியில் அலுமினியத் துளி ஒன்று ஒட்டி, அதுவே டூலாக மாறி வெட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் வளரும், பிய்த்துக்கொண்டு போகும், போகும்போது பரப்பையும் கிழிக்கும், மறுபடி வளரும். அப்படியே 1200 ஆர்.பி.எம்.-க்கு மாற்றி, மண்ணெண்ணெய் தடவி வெட்டினோம். இப்போது 188 மீட்டர். முகம் பார்க்கலாம் போல வந்தது. டூல் அதேதான், ஃபீடும் அதேதான். மென்மையான இரும்பிலும் இதே துளி ஒட்டும் தொல்லை குறைந்த வேகத்தில் வரும், வேகம் ஏறினால் போய்விடும். வேகத்தைக் குறைத்தால் ஃபினிஷ் நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் எந்த உலோகத்துக்கு என்று கேட்க வேண்டும்.

வார்ப்பிரும்பு வேறு ரகம். அதற்குள் கிராஃபைட் செதில்கள் இருப்பதால் சிப் நீளமாக வராது, தூளாக உதிரும். கிராஃபைட்டே வழவழப்பும் கொடுக்கும், அதனால் பெரும்பாலும் கூலன்ட் இல்லாமல் வெட்டுகிறோம். கூலன்ட் ஊற்றினால் தூள் சேறாகி மெஷினின் வழித்தடத்தில் போய் அடைந்துகொள்ளும். இங்கே டூலைத் தின்பது சூட்டைவிட உராய்வுதான். அதுவும் வார்ப்பின் மேல்தோலில் மண்ணும் கெட்டிப்பட்ட இடங்களும் இருக்கும். முதல் வெட்டே தோலுக்கு அடியில் போகவேண்டும். 304-இல் கற்ற அதே பாடம், காரணம் மட்டும் வேறு.

பித்தளை வேகத்துக்கு அஞ்சாது. ஊசி ஊசியாகத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் பக்கத்தில் நிற்கக் கூடாது. ட்ரில் போடும்போதுதான் கவனம்: கூரான ட்ரில்லை அது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நைலான் புஷ் ஒன்றையும் கட்டினோம். அதில் வேகத்தின் விளைவு வெட்டும்போது தெரியவில்லை, அளக்கும்போது தெரிந்தது. நைலான் சூட்டைக் கடத்தாது, ஆனால் சூட்டில் நிறைய விரியும். இரும்பைவிட ஏழெட்டு மடங்கு. 50 மி.மீ. விட்டத்தில் 20 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 0.08 மி.மீ. விரிந்துவிடும். வெட்டிய சூட்டோடு மைக்ரோமீட்டர் வைத்தால் அளவு சரியாக இருக்கும், டீ குடித்துவிட்டு வந்து வைத்தால் சிறுத்திருக்கும். இந்தக் காரணத்தால் எத்தனை புஷ் திரும்பி வந்திருக்கின்றன என்பது பட்டறைக்காரர்களுக்குத் தெரியும்.

26 வருடம் சிப் சீவியவர்

வேகம், ஃபீடு, டூல் ஆயுள் மூன்றையும் எண்களாகக் கட்டிக் கொடுத்தவர் அமெரிக்காவின் ஃபிரெட்ரிக் வின்ஸ்லோ டெய்லர். ஃபிலடெல்ஃபியாவின் மிட்வேல் எஃகாலையில் 1880-இல் சோதனைகளைத் தொடங்கினார். முடிவுகளை 1906-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக இருந்தபோது வெளியிட்டார். 26 வருடத்தில் 8 லட்சம் பவுண்டு, அதாவது 360 டன்னுக்கும் மேல், இரும்பையும் எஃகையும் சிப்பாகச் சீவித் தள்ளியிருக்கிறார். வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாராளமாகக் கொட்டினாலே வேகத்தை 30 முதல் 40 சதவீதம் ஏற்றலாம் என்று கண்டதும் அவர்தான். கூலன்ட் குழாயைத் திருப்பிவைத்தபோது எனக்கு அந்த எண்தான் நினைவுக்கு வந்தது.

வெட்டு வேகத்தைத் தீர்மானிப்பவை 12 என்று பட்டியலிட்டார். அதில் முதல் இடம் வெட்டப்படும் உலோகத்தின் தன்மைக்கு. பாதி கெட்டியாக்கிய எஃகுக்கு 1 என்றால் மிக மென்மையான கார்பன் குறைந்த எஃகுக்கு 100 என்று விகிதம் சொல்கிறார். ஒன்றுக்கு நூறு! இதே பட்டியலில் மற்ற எதற்கும் இவ்வளவு இடைவெளி இல்லை. பாரை மாற்றிவிட்டுப் புரொகிராமை மாற்றாமல் விட்டவனுக்கு அந்த ஒரு வரி போதும்.

மன்செல் வைட் என்பவரோடு பெத்லகேம் எஃகாலையில் அவர் உருவாக்கிய வெப்பப் பதம்தான் இன்றைய எச்.எஸ்.எஸ்.-க்கு அடித்தளம். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அந்த டூல், நுனி சிவக்கச் சிவக்க வெட்டிக் காட்டியது. அதுவரை இருந்த கார்பன் எஃகு டூல் அந்தச் சூட்டுக்கு வெகு முன்பே மழுங்கிவிடும்.

டெய்லரின் சமன்பாட்டை எங்கள் ஷாஃப்ட்டில் போட்டுப் பார்த்தேன். வேகத்தை, டூல் ஆயுளின் ஒரு சிறிய அடுக்கால் பெருக்கினால் வருவது மாறாத எண். அந்த அடுக்கு கார்பைடுக்குச் சுமார் 0.25. அப்படியென்றால் வேகம் ஏறும்போது ஆயுள் அதன் நாலாம் அடுக்கில் விழும். வேகத்தை 20 சதவீதம் ஏற்றினால் ஆயுள் பாதிக்கும் கீழே. எச்.எஸ்.எஸ்.-க்கு அடுக்கு 0.125 என்று வைத்தால் அதே 20 சதவீதத்துக்கு ஆயுள் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ட்ரில் லேத்தில் நாங்கள் ஏற்றியிருந்தது இரண்டு மடங்குக்கும் மேல். ஐந்து ட்ரில் வெந்ததில் ஆச்சரியம் இல்லை.

வேலை சீரானதும் முதலாளி கேட்டார், 180-இல் ஓட்டினால் என்ன என்று. நியாயமான கேள்விதான், அதனால் தாளில் போட்டுக் காட்டினேன். 300 மி.மீ. நீளத்துக்கு ஒரு பாஸ், 0.2 ஃபீடில், 140 மீட்டரில் 81 நொடி. 180 மீட்டரில் 63 நொடி. மிச்சம் 18 நொடி. ஒரு கார்னர் 140-இல் 30 ஷாஃப்ட் வெட்டும் என்று வைத்தால், 180-இல் சமன்பாட்டின்படி 14 ஷாஃப்ட். 30 ஷாஃப்ட்டில் 9 நிமிடம் மிச்சமாகும். ஆனால் கூடுதலாக ஏறக்குறைய ஒரு தடவை கார்னர் திருப்ப வேண்டும். திருப்பி, முதல் ஜாப்பை அளந்து, ஆஃப்செட் சரிசெய்ய ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடம் போகும். கையில் நிற்பது ஆறு நிமிடம், அதற்கு விலை கால் இன்சர்ட், ஏனென்றால் ஒரு இன்சர்ட்டுக்கு நாலு கார்னர்தான். ராத்திரி ஷிஃப்ட்டில் கார்னர் தேய்ந்ததை யாரும் கவனிக்காமல் ஒரு ஷாஃப்ட் கெட்டால் அந்த ஆறு நிமிடமும் போச்சு. டெலிவரி கழுத்தை நெரிக்கும் நாளில் 180 போடலாம், மற்ற நாளில் 140 போதும் என்றேன். ஒத்துக்கொண்டார்.

இப்போது

ஆர்டர் ஷீட்டில் மெட்டீரியல் கட்டத்துக்குப் பக்கத்தில் வேகம், ஃபீடு, இன்சர்ட் நிறம் மூன்றுக்கும் கட்டம் போட்டிருக்கிறோம். மூன்றும் நிரம்பாமல் புரொகிராம் மெஷினுக்குள் போகாது. பார் ரேக்கில் 304-இன் முனைக்கு மஞ்சள் பெயின்ட், இ.என்.8-க்கு நீலம். இன்சர்ட் பெட்டியின் நிறமும் அதே என்பதால் தம்பிக்கு யோசிக்க வேண்டியதில்லை.

போன மாதம் 316 பார் வந்தது. 304-ஐவிடச் சற்றுக் கடினமாக வெட்டும் என்பதால் தம்பி தானாகவே 125-இல் ஆரம்பித்தான், ஃபீடை 0.2-இல் அப்படியே வைத்தான். முதல் ஷாஃப்ட்டை எடுத்துக்கொண்டு ட்ரில் லேத்துக்குப் போனான். அண்ணன் பாக்கெட்டிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து முகத்தின் நடுவில் அடித்துப் பார்த்தார். டூல் கோடுகள் மையம் வரை ஒழுங்காகப் போயிருந்தன, பளபளப்பு இல்லை. "வை தம்பி" என்று சொல்லிவிட்டு ட்ரில்லை மாட்டினார்.